இரண்டாவது அளவு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது தெரிந்தும் இத்ரீஸ் அந்தக் காரியத்தைச் செய்தான்.

கெலுகோரில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வறையில் நானும் எனக்கு இளையவனான இத்ரீஸும் இரண்டு பேர்தான். என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அளப்போம். பல கண்டங்களில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்ததைச் சேர்த்தால், திரையில் ஒரு வளையம் தெரியும். ஓரம் மங்கலாக இருப்பதால் கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அதனால் தனித்தனியாக அளந்து, எண்ணை வெளியே சொல்லாமல் வைத்திருந்து, ஒரே நாளில் திறப்போம்.

இந்த ஆண்டு வளையத்தின் குறுக்களவாக எனக்கு வந்தது 3.42. பழைய வேகத்திலேயே போயிருந்தால் 3.60 வந்திருக்க வேண்டும். விரியும் வேகம் குறைந்துவிட்டது! என் முனைவர் பட்டத்துக்கு இப்படி ஒன்று மாட்டாதா என்று ஐந்து வருடமாக ஏங்கியவள் நான். வெள்ளிக்கிழமை காலை இத்ரீஸ் தன் எண்ணைத் திறந்தான். அதுவும் 3.42.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. இதற்கு முன் நான்கு முறை அளந்ததில் ஒருமுறைகூட எங்கள் எண்கள் அச்சாக ஒத்துப்போனதில்லை.

"உண்மைய சொல்லு. என் நம்பர பாத்தியா?"

இத்ரீஸ் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து மாமாக் கடையில சாப்பிட்டுட்டு நீங்க கை கழுவப் போனீங்களே, லேப்டாப் தொறந்தே இருந்துச்சுக்கா."

"அதுக்கு முன்னாடி நீ அளந்துட்டியா?"

"அளந்துட்டேன். மூனு புள்ளி அஞ்சு ஒம்போது."

"அப்புறம் ஏன்டா மாத்துன?"

"அஞ்சு வருஷமா நீங்க படுற பாட்ட பாத்துக்கிட்டுதானே இருக்கேன். கெடுக்க மனசு வரல. சாரி லா, அக்கா."

என்மேல் பரிதாபப்பட்டிருக்கிறான்! உடம்பெல்லாம் எரிந்தது. அவன் தப்பை அவனுக்கே காட்டலாம் என்று அவன் போட்ட பழைய கோட்டையும் என் கோட்டையும் திரையில் ஒன்றாக வைத்தேன். மூன்று பக்கமும் இரண்டும் ஒட்டிப் போயின. தெற்கு ஓரத்தில் மட்டும் மங்கலான ஒரு பட்டையை நான் வெளியே விட்டிருந்தேன். முந்தைய ஆண்டுகளில் அதே மாதிரிப் பட்டையை உள்ளேதான் சேர்த்திருக்கிறேன்.

இந்த முறை ஏன் விட்டேன்? சொல்ல ஒரு காரணமும் இல்லை. விட்டால் வேகம் குறைந்ததாகக் காட்டும், அவ்வளவுதான்.

திட்ட எடுத்த வாயால் சொன்னேன்:

"உன் பழைய நம்பரையே போடு, இத்ரீஸ்."

"உங்களோடது?"

"செல்லாதுன்னு எழுது."

அவன் தயங்கித் தயங்கித் தட்டினான். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவன் முன்னால் அழுதேன்.