பள்ளியில் வாசித்த அறிவித்தல்

கல்முனையில் ஆதம்லெவ்வையும் நேசராசாவும் நடத்திய அரிசி ஆலைக் கூட்டு, எண்பத்தைந்தில் சட்டப்படி கலைந்தது. நேசராசாவுக்கு நெஞ்சுவருத்தம், இதய நோய்; பிரிய வேறு காரணமொன்றுமில்லை.

"கூட்டு கலைஞ்சத, கொடுக்கல் வாங்கல் வச்ச வெளியாக்களுக்கும் அறிவிக்க வேணும்," என்றார் சட்டத்தரணி.

பத்திரிகையில் போட்டார்கள். பத்திரிகை பார்க்காத விவசாயிகளுக்காக ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலிலும், ஞாயிறன்று நேசராசாவின் மெதடிஸ்த கிறிஸ்தவக் கோயிலிலும் வாசிக்கச் செய்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் முறைத்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் பிரிந்த காரணத்தையும் சேர்த்து எழுத எவருக்கும் புத்தி வரவில்லை.

சில மாதங்களில் நேசராசா இறந்தார். செத்தவீட்டுக்குப் புறப்பட்ட ஆதம்லெவ்வையின் சைக்கிளைச் சந்தியில் அவரது ஊர் முஸ்லிம்கள் மறித்துப் பிடித்தார்கள்.

"எங்க போறீங்க காக்கா? அந்தாள வேணாமெண்டு நீங்கதானே பள்ளியில அறிவிச்சீங்க!"

"அவர்ட நெஞ்சுவருத்தத்தாலதான்டா பிரிஞ்சம்!"

மெதடிஸ்த கோயிலில் அடக்கத்துக்கான மணி அடிக்கத் தொடங்கியது. அவர்கள் சைக்கிளை விடவில்லை.