உட்கார மறுத்த கைன்சா

சனிக்கிழமை காலையில் கைன்சா ஒரு முடிவோடு எழுந்தாள். இன்று என்ன ஆனாலும் உட்காருவதில்லை.

புடுடா மலைச்சரிவில் இதைவிடப் பெரிய வம்பு கிடையாது. முன்தோலை வெட்டிப் பையனை ஆணாக்கும் இம்பாலுச் சடங்கில், மகன் முற்றத்தில் கத்திக்கு நிற்கும்போது பெற்றவள் வீட்டுக்குள் நடுத்தூணைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவனைப் பெற்ற அன்று போலவே. அவள் உட்காராமல் வெட்டுகிறவர் கத்தியை எடுக்க மாட்டார். அந்தக் குலத்தின் வழக்கம் அப்படி.

பதினேழு வயது மசோலோ பிறந்தபோதே ஒரு குறை இருந்தது. சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் பாதி வழியில் இருந்தது. இன்றுவரை குந்தித்தான் போகிறான். தாய்க்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன மாதம் ம்பாலே நகரத்து அறுவை சிகிச்சை டாக்டர் ஒடேகே பார்த்துவிட்டு, வருகிற திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்தார்.

"அந்த முன்தோலை வச்சுத்தான் புதுக் குழாய் தைக்கணும்மா. அது இருந்தா ஒரே தடவையில முடிச்சிடுவேன். வெட்டிட்டு வந்தீங்கன்னா கன்னத்துக்கு உள்பக்கத்துலேருந்து தோல் எடுக்கணும், ரெண்டு மூணு தடவை அறுக்கணும், அப்பவும் ஒழுகலாம்."

ஆனால் கணவனின் தம்பி குலோபா சனிக்கிழமைக்கே சடங்கை வைத்துவிட்டான். அண்ணன் மண்சரிவில் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு அவன் சொன்னதுதான் சட்டம். மசோலோவும் மறுக்கவில்லை. கூட்டாளிகள் கோழை என்று கூப்பிட்டே அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், குறையை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னான். அறிவு கெட்ட பிள்ளை.

மேளம் முழங்க, உடம்பெல்லாம் கேழ்வரகு மாவு பூசி, தொடையில் மணி கட்டி அவன் முற்றத்துக்கு வந்து நின்றான். கைன்சா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, உள்ள போய் உக்காருங்க," என்றான் குலோபா.

"நிக்கிறேன் கொழுந்தனாரே. கால் வலிக்கல."

"ஊரே சிரிக்குது."

"பல்லு இருக்கு, சிரிக்கிறாங்க."

நாத்தனார்கள் இருவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கதவுநிலையை விடவில்லை. "மாடுகூட ரெண்டு அடி போட்டா படுத்துடும், இவ மசிய மாட்டேங்கிறாளே," என்றாள் மூத்தவள். பானையில் கேழ்வரகுக் கள் பாதியாகக் குறைந்தது. வெயில் உச்சிக்கு வந்து, சாயவும் தொடங்கியது. கைன்சாவுக்குக் கால் வீங்கியது, தொண்டை வறண்டது. காரணத்தைச் சொன்னால் மகன் மானம் போகும், உட்கார்ந்தால் மகன் வாழ்க்கை போகும். நிற்பது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

"புள்ளைய ஆம்பளையாக்க விடாத சூனியக்காரி," என்று கள்ளுப் பானைப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

மசோலோ திரும்பினான். "எங்கம்மாவ யாரும் பேசக்கூடாது," என்றான். முகத்து மாவு வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. "நான் சொல்றேன். என்னால நின்னுக்கிட்டு ஒண்ணுக்குப் போக முடியாது. பொறந்ததுலேருந்தே துளை அடியில இருக்கு. அதைச் சரி பண்ண டாக்டருக்கு இந்தத் தோல் வேணும். அதுக்குத்தான் எங்கம்மா நிக்கிறா."

மேளம் நின்றுபோனது.

"எந்த டாக்டரு? அந்தத் தேசோக்காரனா? அவன் சாதியே வெட்டிக்காத சாதியாச்சே," என்று அதே குடிகாரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெட்டுகிற கிழவர் நங்கோலி பையன் அருகில் வந்தார். "நாப்பது வருஷமா கத்தி புடிக்கிறேன். கத்திக்கு நின்னவன் ஆயிரம் பேரு. இப்படி ஊருக்கு முன்னாடி நின்னு சொன்னவன் ஒருத்தன்கூட இல்ல. சொல்லும்போது இவன் கண்ணு சிமிட்டல, நான் பாத்தேன்." கத்தியைத் துணியில் சுற்றினார். "டாக்டர் வெட்டட்டும். இவன் நிக்கலேன்னு எவனாவது சொன்னா எங்கிட்ட வரட்டும்."

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. கைன்சா வீட்டின் பின்பக்கம் போய்க் காலை வெந்நீரில் வைத்திருந்தபோது குலோபா வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்து அவளும் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். அவனோ வாழைமரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணி, அந்த டாக்டரு... ஏற்கெனவே வெட்டிக்கிட்டவங்களையும் பாப்பாராமா?"

"யாருக்கு?"

இரண்டு மனைவிகள் அவனை விட்டுப் போனதற்கு ஊர் எத்தனையோ காரணம் சொல்லியிருந்தது. கைன்சா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து மூட்டி வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வெட்டுனா தானா சரியாயிடும்னு அப்பா சொன்னாரு," என்றான் குலோபா. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"கன்னத்துலேருந்து தோல் எடுப்பாராம். ரெண்டு மூணு தடவை படுக்கணும். ஒழுகுனாலும் ஒழுகும்."

"பரவால்ல."

"அப்ப திங்கக்கிழமை விடிஞ்சதும் வந்துடுங்க," என்றாள் கைன்சா. "மூணு பேரா போவோம்."