குளி தெற்றியோ?

நான் புஷ்பபாய் டீச்சராக்கும். பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல எட்டாம் கிளாஸ் என் பொறுப்பு. பயந்தாங்கொள்ளி, அதையும் முதல்லயே சொல்லிருதேன்.

ஐம்பத்துநாலுல, தமிழ்த் தாலுகாக்களைத் திருக்கொச்சில இருந்து பிரிச்சுத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு எல்லைப் போராட்டம் கொதிச்சிட்டுக் கெடந்த நேரம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு உடம்பப் பத்திப் பாடம் எடுக்கணும்னு திருக்கொச்சி சர்க்கார் ஓமனான்னு ஒரு நர்ஸை அனுப்பிச்சு. நல்ல காரியம்தான். ஆனா புஸ்தகமும் மலையாளம், வந்தவளுக்கும் மலையாளம் மட்டும்தான் தெரியும். பாடத்துக்கு முந்தி ஒவ்வொருத்தியா கூப்பிட்டு உடம்பு விவரம் கேட்டு நோட்டுல எழுதினா.

ரத்னபாய் முறை வந்துது. கிளாஸ்ல முதல் பிள்ளை. டீச்சர் ஆவணும், டீச்சர் ஆவணும்னு சொல்லிட்டே திரிவா.

"குளி தெற்றியோ?"

மாசவிலக்கு தள்ளிப்போச்சா, வயித்துல உண்டான்னு கேள்வி; சொல்லுக்கு நேர் அர்த்தம் குளி தவறிச்சான்னுதான். இவளுக்கு மலையாளம் நல்லா வரும். ஆனா இந்தப் பேச்சை எந்த வீட்டுல பிள்ளைய முன்னால பேசுதாங்க? காய்ச்சல்ல கெடந்து எழும்பினவ, குளிக்காததுக்கு ஏசப்போறான்னு தலையக் குனிஞ்சா.

"தெற்றிச்சு. பத்து நாளாச்சு. அம்மைக்குத் தெரியும்."

பின்னால நின்ன பெரிய பிள்ளைய சிரிச்சுதுவ. "ஐயோ, அப்படியில்ல"ன்னு நான் எழும்பவும் பள்ளிக்கூட வாசல் கேட்டுல ஒரே கூப்பாடு. 'மலையாளப் பாடம் வேண்டாம்!' முன்னால நின்னது யாரு? ரத்னபாய்க்க அப்பா ஈசாக்கு. ஓமனா பயந்து நோட்டையும் தூக்கிட்டு பஸ் ஏறிட்டா.

சாயங்காலத்துக்குள்ள ரத்னபாய்க்கு வயித்துல உண்டுன்னு ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் ஈசாக்கு வந்து மகளுக்க பேரை வெட்டச் சொன்னாரு.

"அண்ணாச்சி, பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வார்த்தைக்கு அர்த்தம்..."

"போதும் டீச்சர். ஆம்பளைய முன்னால சொல்லுத பேச்சா இது?"

"பாடம் தமிழ்ல இருந்தா இந்தக் கேடு வந்திருக்குமா?"

"தமிழ்ல வேறயா! எந்தப் பாஷையிலயும் வேண்டாம். எங்க பிள்ளைய உடம்புல சர்க்காருக்கு என்ன காரியம்?"

ஹெட்மாஸ்டர் ராபின்சன் சார் ரெஜிஸ்டரை எடுத்து ஒரு கோடு போட்டாரு. அதைப் பிடுங்கி எறிஞ்சிருக்கணும். நான் மிண்டல்ல. நாசமாப் போற வாய்.

ஒரு மாசம் கழிச்சு ரத்னபாயைச் சந்தைக்குப் போற வழியில பார்த்தேன். ஓடி வந்து கையப் பிடிச்சா.

"டீச்சர், இப்ப தெனமும் ரெண்டு நேரம் குளிக்கேன். ஒரு நாளும் தெற்றல்ல. அப்பாட்ட சொல்லி என்னைச் சேர்ப்பீங்களா?"

"சொல்லுதேன் மக்கா"ன்னேன். அப்பவும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு அவகிட்ட நான் சொல்லல்ல.