ஐந்தாவது ஏன்

பொழுது விடிய அரைமணி இருக்கும்போதே பிரஸ் ஷெட்டில் தகட்டுக் கட்டுகள் இறங்கத் தொடங்கிவிடும். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். விளிம்பு ஒவ்வொன்றும் பிளேடு. ராத்திரிப் பனியைக் குடித்துக் கிடந்த இரும்பைத் தொட்டதும் விரல் நுனி செத்துப்போகும். மூன்றாம் நம்பர் பிரஸ் முன்னால் நின்று செக்கிங் அக்கா உள்ளங்கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டாள். தகட்டை வை, கையை எடு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்து. மேலிருந்து நாற்பது டன் இறங்கும். அந்த அதிர்வு குதிகால் வழியாக ஏறி விலாவில் வந்து நிற்கும். கதவுக் கீலின் ஒரு பாதி கூடையில் விழும். சைரன் ஊதி வீட்டுக்குப் போவதற்குள் மூவாயிரம் பாதி விழுந்தாக வேண்டும்.

பேருக்குத்தான் செக்கிங் அக்கா. அந்த வேலை போய் ஐந்து மாதமாகிவிட்டது.

அதற்கு முன் பதினேழு வருஷம் ஷெட்டின் கோடியில் கிடந்த நீள மேஜைதான் அவளுடைய இடம். அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். கீலை விரலால் ஒரு தடவு தடவிப் பிசிறு எங்கே என்று சொல்லிவிடுவாள். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தத்திலேயே விரிசல் தெரிந்துவிடும். அந்தக் காலத்து மேனேஜர் ஒரு கத்தல் பேர்வழி. கழித்த கூடை நிரம்பினால் எந்த மெஷின், எந்த ஆள் என்று விசாரித்து, அந்த ஆளை நடு ஷெட்டில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். அதற்குப் பயந்து மெஷின்காரர்கள் கெட்ட கீலை நல்லதற்கு அடியில் ஒளித்து அனுப்புவார்கள். இவள் தோண்டி எடுப்பாள். இப்படியே ஓடியது காலம்.

பிறகு புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, அதிர்ந்து பேசத் தெரியாதவர். வந்த வாரமே மெஷினுக்கு ஒருவரையும் செக்கிங் மேஜையிலிருந்து அவளையும் அழைத்து ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"தப்பு நடந்தா ஆளைத் தேடாதீங்க," என்றார் அவர். "தப்பு ஆள்கிட்ட இல்ல, வேலை நடக்கிற அமைப்புல இருக்கு. ஏன் நடந்துச்சுன்னு கேளுங்க. வர்ற பதிலுக்கும் ஏன்னு கேளுங்க. அஞ்சு தடவை கேட்டா வேர் வெளிய வந்துரும்."

முன்பெல்லாம் கடைசியில் நின்று கெட்டதைப் பொறுக்குவதையே தரம் என்று நினைத்தார்களாம். அப்புறம் ஒவ்வொரு படியையும் அளந்து பார்த்தார்களாம். இப்போது தொழிற்சாலை முழுவதையும் ஒரே உடம்பாகப் பார்க்கிறார்கள், ஓரிடத்து வலிக்கு இன்னோரிடத்தில் காரணம் இருக்கும் என்றார். அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். இத்தனை வருஷம் தன் மனசுக்குள் கிடந்த ஒன்றை யாரோ படித்த மனுஷன் எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்த அவன், "நாற்காலி போட்டாங்கன்னா எதையோ கேக்கப்போறாங்க," என்றான். அவனுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

தர வட்டம் என்று ஒன்று தொடங்கி அவளையே தலைவி ஆக்கினார்கள். சனிக்கிழமைதோறும் அரைமணி கூட்டம். தன் விரலுக்குத் தெரிந்ததை, காதுக்குத் தெரிந்ததை எல்லாம் அவள் கொட்டினாள். தகட்டை வெட்டுகிற டை எது எத்தனை ஆயிரத்துக்கு அப்புறம் மழுங்கும், எந்தத் தகட்டில் பிசிறு வரும், எல்லாம். மேனேஜர் அதைப் படம் போட்டு மெஷினுக்கு மெஷின் ஒட்டினார். நூற்றுக்கு எட்டு கழிந்த இடத்தில் ஒன்றுதான் கழிந்தது. அவள் போட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறியது.

அடுத்த மாதம் மேஜையைத் தூக்கிவிட்டார்கள்.

இனி அவரவர் வேலையை அவரவரே சோதித்துக்கொள்ளலாம், தனியாக ஆள் தேவையில்லை என்றார்கள். நாலு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அவளையும் இன்னொருத்தியையும் பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள். போன நாலு பேரில் ஒருத்தி வாசல் கேட்டில் வைத்து, "எங்க வேலைய நீயே எழுதிக் குடுத்துட்டியே," என்றாள். அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. மெஷின்காரர்கள் இருபத்தைந்துக்கு ஒரு கீலை எடுத்து அளக்க வேண்டும், தாளில் புள்ளி வைக்க வேண்டும். ஆனால் மூவாயிரம் மூவாயிரமாகவே நின்றது.

இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. பிரஸ் விழுகிற தாளத்துக்கு ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். அவருடைய இடது பொத்தான் மூன்று மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. தர வட்ட நோட்டில் மூன்று சனிக்கிழமை அதை எழுதினார்கள். மூன்று தடவையும் அதற்குப் பக்கத்தில் மேனேஜர் 'நடவடிக்கையில்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பிறகு ஒருநாள் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் வந்து அந்தப் பொத்தானை வயர் வைத்துக் கட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் ஒரு கையால் அழுத்தினாலே பிரஸ் இறங்கியது. இன்னொரு கை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அன்று காலை எட்டு மணி சுமாருக்கு முனகல் நின்றது. அளந்த கீலுக்குத் தாளில் புள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவர், சாய்ந்திருந்த தகட்டை இடது கையால் நகர்த்திக்கொண்டே வலது கையால் அழுத்திவிட்டார். அவர் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா ஓடிப்போய்த் தன் துண்டை அவிழ்த்துச் சுற்றினாள். மூன்று விரல் இல்லை. "தங்கச்சி, இந்த மெஷினை நிறுத்தும்மா," என்றார் அவர். ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டி போனதும் மரத்தூள் கொட்டிப் பெருக்கினார்கள். இருபது நிமிஷத்தில் இரண்டாம் நம்பரில் வேறொரு ஆளை நிறுத்தினார்கள். வயர் அப்படியே இருந்தது.

பத்து மணிக்கு அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியும் இருந்தார். மறுபடியும் அதே நாற்காலி. மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று டைப் அடித்திருந்தது. கீழே, தர வட்டத் தலைவி என்று போட்டு அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ஆளைத் தேடாதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அக்கா, திங்கக்கிழமை தரச் சான்றிதழுக்கு வெளியாளுங்க வர்றாங்க. இது நம்ம எல்லாருக்கும் நல்லது."

"அவர் கை ஏன் போச்சு? பிரஸ் இறங்குச்சு. கை உள்ள இருக்கும்போது ஏன் இறங்குச்சு? பொத்தானைக் கட்டி வச்சிருந்தாங்க. ஏன் கட்டுனாங்க? அது சிக்குச்சு, மாத்தல. ஏன் மாத்தல? மாத்தணும்னா மெஷினை அரைநாள் நிறுத்தணும். நாலு ஆச்சு. அஞ்சாவதை நீங்க சொல்லுங்க சார். ஏன் நிறுத்தல?"

முதலாளி பேனாவை மூடினார். "அந்த வயர் யாரும் சொல்லிக் கட்டுனதில்ல. உன் போட்டோவை நாங்கதான் மாட்டுனோம். கழட்ட எவ்வளவு நேரமாகும்?"

"நானே கழட்டிக்கிறேன்," என்றாள் அவள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். மேனேஜர் தலைநிமிரவே இல்லை. முதலாளி பேசியதைவிட அதுதான் அவளைக் குத்தியது. கத்துகிற ஆளை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இந்த மனுஷனை நம்பினாள்.

ஷெட்டுக்கு வந்து மூன்றாம் நம்பரின் சுவிட்சை அணைத்தாள். தர வட்டத்தின் வெள்ளைப் பலகையை நடுவில் இழுத்துப்போட்டு, ஆபீஸில் தான் கேட்ட ஏன்களைப் பதிலோடு அப்படியே எழுதினாள். ஐந்தாவதுக்கு எதிரில் வெறுமையாக விட்டாள். பொத்தானை மாற்றாமல் மெஷினைத் தொடமாட்டேன், அந்தத் தாளில் கையெழுத்தும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இரண்டாம் நம்பரில் புதிதாக நிறுத்தப்பட்டவன் முதலில் வந்தான். ஒவ்வொரு பிரஸ்ஸாக அடங்கியது. அத்தனை வருஷத்தில் ஷெட்டுக்குள் மனுஷக் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. சேதி எப்படியோ வெளியே போய், வேலை போன நாலு பெண்களும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

முதலாளி வந்தார். அரைமணியில் மெஷின் ஓடவில்லையென்றால் கேட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊரில் கீல் அடித்துக்கொள்வேன் என்றார். யாரும் எழவில்லை. பயம் இல்லாமல் இல்லை. சிலர் கூடவே உட்கார்ந்திருந்தாலும் கண் மெஷின் மேலேயே இருந்தது.

கருவிப் பெட்டியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்த ஃபிட்டர் அப்போது அக்காவின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கட்டுனது நான்தான்கா. நான் பிள்ளகுட்டிக்காரன், சொன்னதைச் செஞ்சேன்."

"தெரியும்," என்றாள் அவள். "யார் சொன்னாங்க?"

அவன் முதலாளியைப் பார்த்தான். பெட்டியைத் தரையில் வைத்தான். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மார்க்கரை வாங்கினான். வெறுமையாக இருந்த இடத்தில் எழுத்துக் கூட்டி எழுதினான்: 'மெஷினை நிறுத்தக் கூடாது, வயரைக் கட்டு என்று முதலாளி சொன்னார். மேனேஜரும் பக்கத்தில் நின்றார்.' அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டான்.

இரண்டு மணிக்கு சைரன் ஊதியது. கேட் இன்னும் பூட்டப்படவில்லை. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்து பலகையைச் சூழ்ந்து நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சத்தமாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் ஒருத்தி தன் பெயரையும் போட மார்க்கருக்காகக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.