பட்டப்பகலில் ஒரு பேக்கார்ட்

பன்னிரண்டு மணிக்குள் வண்டி மெல்பேர்னின் மேற்குக் கோடியில், வெரிபீயில் இருக்க வேண்டும். தவறினால், கார்களைக் கன்டெய்னரில் அடைத்துக் கப்பலேற்றுகிற முற்றத்துக்காரன் கையை உடைப்பதாகச் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள்.

பத்தேகாலுக்கு நகரின் கிழக்கே ரோவிலில், நாகேஸ்வரியின் வீட்டு வாசலில் கீர்த்தனன் செருப்பைக் கழற்றினான். கராஜில் நின்றது 1938 பேக்கார்ட் கன்வெர்ட்டிபிள். அமெரிக்காவில் பிறந்து, யுத்தத்துக்கு முன்பே மெல்பேர்னில் கரையிறங்கிய சீமாட்டி. கரும்பச்சை உடம்பு, சிவப்புத் தோல் இருக்கை, பின்னால் மடித்துப் போட்ட துணிக்கூரை.

"அம்மா கரவெட்டி, அன்ரி," என்றான். பொய்.

"அப்ப எங்கட பெடியன்!" சாவி கைக்கு வந்துவிட்டது. "கிளட்ச் மிதிக்க முழங்கால் விடுகுதில்லை, தம்பி. அதுதான் விக்கிறன். ஒரு சுத்து ஓடிப் போட்டு வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

சுற்றாவது ஒன்றாவது! கீர்த்தனன் நேரே மொனாஷ் ஃப்ரீவேயில் ஏறினான்.

இதுவரை பதினாறு கார் தூக்கியிருக்கிறான். எல்லாம் வெள்ளை டொயோட்டா. தெருவில் விட்டால் தெருவோடு கரைந்துவிடும். இதுவோ தேர். தேரைத் திருடியவன் எந்தச் சந்தில் ஒளிப்பான்?

போன் அடித்தது.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது."

"டிராஃபிக் அன்ரி. ரோவில்லதான் நிக்கிறன்."

"அப்பிடியோ? ராகவி உங்களை ஃப்ரீவேயில கண்டவவாம். கை காட்டினவவாம், நீங்கள் காட்டேல்லையாம். அவவின்ர கலியாணத்துக்கு நான்தான் இந்தக் காரை ஓடினனான். மெல்பேர்ன்ல முக்கால்வாசி மாப்பிள்ளையளை இதிலதான் கொண்டுபோய் இறக்கினனான், தம்பி."

போனை அணைத்து இருக்கையில் எறிந்தான்.

சுரங்கப் பாதைக்கு முன்னால் நெரிசல். பக்கத்தில் ஒரு கார் ஒட்டி நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சார்! நாகேஸ்வரி அக்கா வண்டிதானே? ஒம்பது வருஷம் முன்னாடி இதுலதான் நான் மாப்பிள்ளையா வந்தேன். ஜெகதீஷ்! அக்கா எங்க?"

"சேர்விஸுக்குக் கொண்டுபோறன்."

ஜெகதீஷின் மனைவி கணவன் தோளைத் தட்டினாள். "ஏங்க, வாட்ஸ்அப் குரூப்பப் பாருங்க. இந்த ஆளத்தான் தேடுறாங்க."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். கூரையில்லாத காரில் அட்சரம் பிசகாமல் விழுந்தது.

ஜெகதீஷின் சிரிப்பு காணாமல் போனது. "நீங்க போங்க சார். பின்னாடியே வர்றோம்."

வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறும்போது கீர்த்தனன் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தான். ஒரு கார். பாலத்தின் உச்சியில் மூன்று. இறக்கத்தில் ஏழு. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் முந்தவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மாப்பிள்ளை ஊர்வலம்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது, வெப்பமுள் ஏறியது. சீமாட்டிக்கு அவசரம் பழக்கமில்லை. இறங்கி ஓடலாம் என்றால் ஃப்ரீவேயில் எங்கே ஓடுவது?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முற்றத்தின் இரும்புக் கேட் முன்னால் நிறுத்தினான். முற்றத்துக்காரன் வெளியே வந்து காரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பிறகு காருக்குப் பின்னால் வரிசையாக நின்ற பதினொரு கார்களையும், உயர்ந்திருந்த போன்களையும் பார்த்தான்.

"இவன் யாரென்றே எனக்குத் தெரியாது," என்று ஊருக்கே கேட்க ஆங்கிலத்தில் கத்தினான். கேட் கடகடவென்று மூடிக்கொண்டது.

கீர்த்தனன் அசையவில்லை. முன்னால் கேட், பின்னால் பதினொரு கார்.

யாரோ ஏற்றிவந்த மூன்றாவது காரிலிருந்து நாகேஸ்வரி இறங்கி, முழங்காலைப் பிடித்தபடி நடந்து வந்தாள். யாரும் அவனை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தான்.

சிவப்புத் தோலில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. அவள் வானத்தைப் பார்த்தாள்.

"போலீஸ் வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு, தம்பி. அந்தப் பக்கம் பிடியுங்கோ. கூரையை ஒராளால இழுக்க ஏலாது."

கீர்த்தனன் பிடித்தான்.