பயிற்சி வண்டியின் இரண்டாவது பிரேக்

எந்த ஊருக்குப் போனாலும் ஸ்கேல் முதலில் செய்யும் காரியங்கள் மூன்று. அறையில் பிளக் பாயிண்டுகள் எத்தனை என்று எண்ணுவாள். நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துப் பார்ப்பாள். பிறகு இணையத்தின் வேகத்தைச் சோதிப்பாள். மூன்றும் தேறினால்தான் பெட்டியைக் கீழே வைப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை பள்ளித் தோழி சங்குவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் அதே வரிசைதான்.

"தண்ணி குடிச்சுட்டு அளக்கலாம்ல," என்றாள் சங்கு. தேய்ந்த செருப்பைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு குரல்.

ஸ்கேல் கையை நீட்டித் தம்ளரை வாங்கிக்கொண்டாள். கண் மட்டும் திரையில் ஓடும் எண்ணிலேயே இருந்தது.

ஸ்கேல், சங்கு இரண்டும் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்கள். நோட்டில் ஓரக்கோடு போடக்கூட ஸ்கேல் இல்லாமல் கை வராதவள் ஸ்கேல். மைக் பழுதான நாட்களில் காலைக் கூட்டத்தை ஒற்றைத் தொண்டையில் நடத்திக் கொடுத்தவள் சங்கு. அந்தச் சங்கு இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. பத்து வருடமாக நாளெல்லாம் "பிரேக், பிரேக், கண்ணாடியைப் பாரு" என்று கத்தி வந்த தொண்டை, ஆறு மாதமாகக் கம்மிப்போயிருந்தது. குரல்நாணில் ஒரு சிறு கட்டி. அதில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

முடிவைச் சொல்லும் நாளில் கூட இருக்கத்தான் ஸ்கேல் வந்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் போனில் சங்கு கேட்டது அது ஒன்றைத்தான்.

"வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கார். நீ பக்கத்துல இருப்பியா? இவர் கப்பல்ல இருக்கார், வர நாலு மாசம் ஆகும். அத்தையைக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் சொல்றதை எல்லாம் நான் திருப்பி அத்தை காதுல கத்தணும். கத்தக் கூடாதுன்னு சொன்னதே அந்த டாக்டர்தான்."

அப்போது ஸ்கேல் ஓடும் பேருந்தில் மடிமேல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். "வர்றேன்டி, குறிச்சுட்டேன்," என்றாள். குறித்தும் விட்டாள். குறிக்காமல் அவள் எதையும் சொல்வதில்லை.

குறிப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் ஒரு நிறுவனம். யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று பணிப்பட்டியல் போடுவாள். நிறுவனம் இருப்பது வேறொரு நாட்டில். மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் போடலாம் என்று ஆனபிறகு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மூன்று வருடமாக மாதத்துக்கு ஓர் ஊர் என்று கிளம்பிவிட்டாள். அவள் அம்மா போனில் நலம் விசாரிப்பதையே விட்டாயிற்று. "இப்ப எங்கடி இருக்கே?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும், "சரி, அங்க மழையா?" என்று இரண்டாவது. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வெளிநாட்டு ஊர் என்றால் கடிகாரமும் மாறும். முதல் வருடம் அந்தக் குழப்பத்தில், ஒரு நர்சை ஒரு மணி நேரம் பிந்தி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து போன், மடிக்கணினி, கைக்கடிகாரம் மூன்றையும் அலுவலகத்து நேரத்திலேயே நிறுத்திவிட்டாள். இருக்கும் ஊரின் நேரம் வேண்டுமென்றால் மனதுக்குள் கூட்டிக்கொள்வாள். இந்த ஊருக்கு மூன்றரை மணி கூட்ட வேண்டும்.

வந்த அன்று பயிற்சிப் பள்ளியின் காரில்தான் சங்கு அவளை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்தாள். பக்கத்து இருக்கையில் ஏறி ஸ்கேல் காலை நீட்டியதும், வண்டி சாலை நடுவில் குலுங்கி நின்றது.

"காலை மடக்கி வைடி. அது வாத்தியார் பிரேக்கு. உன் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியை நிறுத்தலாமா?"

"நிறுத்தலாம். ஓட்டுறதுதான் ஒருத்தர்."

புதன்கிழமை இருப்புக் கொள்ளாமல் கழிந்தது. வேலை முடிந்ததும் ஸ்கேல் மாடிக்குப் போனாள், இறங்கினாள், தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாலும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அடுத்த ஊருக்கு ரயில். அந்த ஊர் அறையின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஜன்னலோரம் மேஜை, நாற்காலிக்குக் கை இல்லை.

சங்குவின் மாமியாருக்குக் காது மந்தம். மருமகள் உதட்டை அசைத்தால் அவர், "என்ன?" என்பார். மருமகள் கையை ஆட்டுவாள். அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து வருவார். கேட்டது கத்தரிக்கோலாக இருக்கும்.

"இந்த வீட்ல சண்டையே வராது பாத்துக்கோ," என்று சங்கு கரகரத்தாள். "எனக்குச் சொல்ல முடியாது, அவங்களுக்குக் கேக்காது."

ஸ்கேல் சிரித்தாள். சங்கு சிரித்து இருமி, தண்ணீர் குடித்துவிட்டு, மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கப் பையில் பல் துலக்கும் பிரஷ் தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"பிரஷ்ஷைக் கூட எடுத்து வெளியே வைக்க மாட்டியா?"

"வச்சா மறந்துடுவேன்."

"மறந்தா அதுக்காகவாவது இன்னொரு தடவை வருவேல்ல."

ஸ்கேல் பிரஷ்ஷை இன்னும் உள்ளே தள்ளினாள். சங்கு சொன்னதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே சங்கு வகுப்புக்குக் கிளம்பினாள். "நான் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன். நீ நேரா வந்துடு. ரெண்டாவது மாடி."

"வந்துடறேன். நீ தைரியமா இரு."

வீட்டு இணையம் அன்று பார்த்துக் கண்ணாமூச்சி ஆடியது. நாள் வாடகைக்கு மேஜை தரும் அலுவலகம் ஒன்று கடைத்தெருவில் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள் ஸ்கேல். உள்ளே போனை ஊமையாக்க வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டம். நாட்குறிப்பைப் பார்த்தாள். பதினொன்றரை: சங்கு, டாக்டர். மூன்றரையைக் கூட்டினாள். மாலை மூன்று மணி. இரண்டே காலுக்குக் கிளம்பினால் தாராளம்.

ஒரு நர்சுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. பட்டியலில் ஒரு கட்டம் சிவந்தது. எண்பத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவருக்கு இன்று காலை ஆள் இல்லை. ஸ்கேல் ஏழு பேரைத் தொடர்புகொண்டாள். எட்டாவது ஆள் சரி என்றாள். கட்டம் பச்சையானது. நாற்காலியில் சாய்ந்து, ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த நிறைவோடு போனைத் திருப்பிப் பார்த்தாள்.

சங்குவிடமிருந்து நான்கு அழைப்புகள், மூன்று செய்திகள்.

"வந்துட்டியா?"

"அடுத்தது நான்தான். எங்க இருக்கே?"

"கூப்பிட்டுட்டாங்க. உள்ளே போறேன்."

அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. காலையிலிருந்து அதை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பத்து.

அப்போதுதான் உறைத்தது. சங்கு சொன்னது இந்த ஊர்ப் பதினொன்றரை. பேருந்தில் இருந்த அவசரத்தில் அதை அப்படியே அலுவலக நேரத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறாள். கூட்டல் சரி. கூட்டவே வேண்டியிருக்கவில்லை என்பதுதான் தப்பு.

ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டாவது மாடியில் வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. சங்கு போனை எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் கதவைத் திறந்தார்.

"ஏம்மா, அவளோடதானே நீ போனே?" என்றார். "அவ வந்து சாப்பிட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டாளே. நீ வெளியே ஏதோ வாங்கப் போயிருக்கேன்னு கையைக் காமிச்சா."

மாலையில் சங்கு வந்ததும் ஸ்கேல் வாசலிலேயே நடந்ததைச் சொன்னாள். கடிகாரம், கட்டம், கூட்டல் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினாள். விளக்க விளக்கத் தன் வார்த்தைகள் தனக்கே அலுவலக மின்னஞ்சல்போல் கேட்டன. சங்கு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"சரி, விடு. வேணும்னேவா செஞ்சே?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அப்புறம் சொல்றேன். தொண்டை வலிக்குது. நாளைக்கு எத்தனை மணிக்கு ரயில்? உங்க ஆபீஸ் நேரத்துல சொல்லாதே."

"எட்டு அம்பது," என்றாள் ஸ்கேல். அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பள்ளியில் பென்சில் முனையை உடைத்ததற்கே மூன்று நாள் பேசாமல் இருந்து, நான்காம் நாள் மொத்தமாகச் சேர்த்துத் திட்டியவள் சங்கு. இப்போது திட்டுவதற்குக் குரலும் இல்லை, நாலு நாள் அவகாசமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு வண்டி கிளம்பியது. பெட்டி பின் இருக்கையில். ஸ்கேல் கால்களை மடக்கி வைத்திருந்தாள். அலுவலகங்களுக்குப் போகும் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. சங்கு சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிட ஏதாவது வாங்கிக்கோ என்றாள். போய்ச் சேர்ந்ததும் செய்தி போடு என்றாள். யாரோ தூரத்து உறவை வழியனுப்புவதுபோல் பேசினாள்.

ரயில் நிலையத்துக்கு முந்தைய திருப்பம் தெரிந்தது. ஸ்கேலின் முழங்கால் ஆடியது. ஆடிய கால் நீண்டது. வாத்தியார் பிரேக்கின்மேல் ஊன்றி அழுத்தினாள்.

வண்டி துள்ளி நின்றது. என்ஜின் அணைந்தது. பின்னால் வந்தவன் ஹாரனிலேயே கையை வைத்துவிட்டான்.

"பைத்தியமாடி நீ? காலை எடு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நடு ரோட்ல கேக்கற கேள்வியா இது?"

"ஸ்டேஷன்ல கேட்டா சொல்ல மாட்டே. சொல்லு, எடுக்கறேன்."

ஒரு பேருந்து ஒதுங்கித் தாண்டியது. அதன் ஓட்டுநர் ஜன்னல்வழியே எட்டி, வண்டி மேலிருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு, "கத்துக்கொடுக்கறவங்களே இப்படியா," என்று சொல்லிப் போனார். சங்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினாள்.

"நல்ல கட்டி இல்லையாம். ஆனா ஆரம்பந்தானாம். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். அப்புறம் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருமக் கூடப் பாத்து இருமணுமாம். பேசாம இருந்தா குரல்ல பாதியாவது மிஞ்சும்னார்."

ஸ்கேல் காலை எடுக்கவில்லை.

"வீட்ல யார் இருக்காங்கன்னு கேட்டார். உங்களுக்குப் பதிலாப் பேச, போன் எடுக்க ஆள் வேணும்மான்னார். பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு. ஃப்ரெண்டு வந்திருக்கா, வெளியே உக்காந்திருக்கான்னு சொன்னேன்." சங்குவின் குரல் அந்த இடத்தில் அறுந்தது. மீண்டும் சேர்த்துக்கொண்டு, "கூப்பிடட்டுமான்னு கேட்டார். வேண்டாம் சார், அவ அழுவான்னு சொல்லி வச்சேன்," என்றாள்.

ஹாரன்கள் இரண்டு மூன்றாகப் பெருகின.

"திருப்பு," என்றாள் ஸ்கேல்.

"எதை?"

"வண்டியை. வீட்டுக்கு."

"இங்க திருப்பக் கூடாது. ஸ்டேஷனைத் தாண்டிப் போய்த்தான் திரும்பணும்."

"தாண்டிப் போ."

சங்கு முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "ஆறு வாரம்டி. உன்னால ஆறு நாள் ஒரு இடத்துல இருக்க முடியுமா? பத்தாம் நாள் அந்த ஊர் ரூம் படத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பே."

"பாப்பேன்."

"கால் ஆடும்."

"ஆடட்டும். உன் வேலை பேசாம இருக்கறது, என் வேலை ஆடாம இருக்கறதுன்னு டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

சங்குவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "இன்னும் மன்னிக்கலை," என்றாள். "குரல் இருக்கறப்பவே திட்டணும். பத்தொன்பதுக்குள்ள."

"திட்டு. நேரத்தைச் சொல்லு, குறிச்சுக்கறேன்."

"குறிக்கவே வேண்டாம் தாயே. காலை எடு."

ஸ்கேல் காலை எடுத்தாள். வண்டி உயிர்பெற்று நகர்ந்தது. ரயில் நிலையத்தின் பெரிய கடிகாரம் ஜன்னலில் நெருங்கி, பக்கவாட்டில் வந்து, பின்னால் போனது. எட்டு முப்பத்தெட்டு. கூட்ட வேண்டியது எதுவும் இல்லை. அவள் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளைத் திருப்பத் தொடங்கினாள். மடக்கிய கால், தரையில் எதையோ தேடுவதுபோல், ஆடிக்கொண்டுதான் இருந்தது.