திறந்து கிடந்த பெட்டக அறை

பெட்டக அறையின் இரும்புக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. தலைமைக் காசாளர் பதறிப்போய்க் கைப்பையைத் துழாவினார். அவருடைய சாவி பைக்குள்தான் இருந்தது.

அந்தக் கதவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடம், மற்றது இவரிடம். இரண்டும் திரும்பினால்தான் கதவு அசையும். ஒருவர் வர நேரமானால் மற்றவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். வங்கியில் இருவருக்கும் 'ரெட்டைப் பூட்டு' என்றே பட்டப்பெயர். மேலாளரைக் கூடப்பிறக்காத அண்ணனாகத்தான் காசாளர் நினைத்திருந்தார்.

வங்கிக் கிளையை மூடியாயிற்று. நூறாண்டு தாண்டிய அந்தக் கட்டடத்தை வாங்கியவர்கள் அதை நட்சத்திர ஹோட்டலாக மாற்றப்போகிறார்கள். பெட்டக அறைமேல்தான் அவர்களுக்குக் கண். காசு படைத்தவர்கள் அந்தக் கதவைத் தாண்டிப் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். கதவில் ஒரு கீறல் விழக்கூடாது, பூட்டும் வேலை செய்ய வேண்டும். ஆகவே சாவிக்காரர்கள் இருவரும் மனம் வைத்தால்தான் உண்டு.

காசாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காவலாளியையும் கூட்டிப் பெருக்கும் அம்மாவையும் ஒப்பந்த ஆட்கள் என்று வங்கி கைகழுவியிருந்தது. அவர்களுக்கு வேலை தருவதாக ஹோட்டல்காரர்கள் எழுதிக் கொடுக்கும்வரை கதவைத் திறப்பதில்லை என்று மேலாளரும் இவரும் பேசிவைத்தார்கள். "முதல்ல அவங்க ரெண்டு பேருக்கும் ஆர்டர் வரட்டும் தங்கச்சி, அப்புறம் சாவியப் பத்திப் பேசலாம்" என்று மார்தட்டியவரே மேலாளர்தான். அதை நம்பித்தான் காசாளர் அந்த இருவருக்கும் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் காவலாளி, தேடி வந்த வேறொரு வேலையை வேண்டாமென்று சொல்லியிருந்தார்.

இப்போது அறைக்குள் அலங்கார நிபுணர் ஒருவர் மேசைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அளவு நாடாவின் மறுமுனை மேலாளர் கையில்.

"எப்படிண்ணே திறந்தீங்க?"

நாடாவை விடாமலே மேலாளர் சொன்னார். காசாளர் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி இன்னொரு கிளையில் பத்திரமாக இருக்கும். மேலாளர்கள் மட்டுமே அறிந்த ஏற்பாடு அது. அசல் தொலைந்துவிட்டது என்று சொன்னால் அதை வரவழைக்கலாம்.

"நீ தொலைச்சுட்டேன்னு சொல்லித்தான் வாங்கினேன். நீயும் ரிட்டயர் ஆகப்போற. யாரு உன்னைக் கேக்கப்போறா?" என்றவர், நிபுணர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். தன் மருமகனுக்கு இந்த ஹோட்டலிலேயே கணக்குப் பிரிவில் வேலை உறுதியாகிவிட்டதாம். "பொண்ணு வாழ்க்கை, தங்கச்சி."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாதவர் காசாளர்.

"தொலையலன்னு தலைமை அலுவலகத்துல நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லு. அதனால கதவு மூடிக்குமா?"

அந்த நேரம் பார்த்துக் காவலாளி உள்ளே வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். காசாளரைப் பார்த்தார். காவலாளியின் முகம் மலர்ந்தது.

"எங்க ஆர்டர் வந்துடுச்சாக்கா?"

"இல்லப்பா. நான் திறக்கல. என் சாவி இதோ, என்கிட்டயே இருக்கு."

"திறந்துட்டு மறுபடியும் பையிலதானே போட்டுக்குவீங்க?" அவர் குரலில் கோபமே இல்லை. வங்கியில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் சொன்னார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க."

மேலாளர் நாடாவைச் சுருட்டினார். "எதுக்கு இப்ப அதெல்லாம்? ரெண்டு பேரும் சேர்ந்துதான்பா முடிவு பண்ணினோம்."

காவலாளி மெல்லத் தலையாட்டினார். கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

காசாளர் பின்னாலேயே ஓடினார். "உன்னைக் கூப்பிட்டாங்களே, அந்த வேலை இன்னும் இருக்காப்பா? நான் வேணா வந்து பேசட்டுமா?"

"ஆள் போட்டுட்டாங்க மேடம்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.